ஏரி எந்தப் பக்கம்?

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் ஆறு முறை கூப்பிட்டேன். மலை மேலே உங்கள் குடியிருப்பில் சிக்னல் சரியாக வராது என்று எனக்குத் தெரியும். என் பெயரைப் பார்த்தால் இருக்கிற சிக்னலும் போய்விடும் என்பது இப்போது தெரிகிறது. அதனால்தான் கடிதம். கடிதத்தைத் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று சொல்ல முடியாது, பாருங்கள்.

உங்களை ரயிலிலிருந்து இறக்கி மூட்டை அறையில் போட்டுவிட்டார்கள் என்று உங்கள் தம்பி நேற்றுதான் சொன்னார். கண்ணாடிக் கூரைப் பெட்டியில் பதினோரு வருடம் நின்று, ஒன்பது மணி நேரப் பயணம் முழுக்க பயணிகளுக்கு நாட்டைக் காட்டிக்கொண்டு வந்தவர் நீங்கள். உங்களைப் போய் சன்னல் இல்லாத அறையில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட வைத்திருக்கிறார்கள். எல்லாம் அந்தப் புத்தகத்தால். ‘என்னால்’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ‘புத்தகத்தால்’ என்று வந்துவிட்டது. எது சரி என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை, அண்ணி.

இருபத்துநாலு பக்கம். எந்தக் கிலோமீட்டரில் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன தெரியும் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பாதையில் நான் போனதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் ரயில் அலுவலகம் இந்த வேலையைக் கொடுத்தபோது எனக்கு எட்டு மாதம். நீங்கள் குறிப்பு அனுப்பினீர்கள், நான் அதை வாக்கியமாக்கினேன். ‘112, வலது, இரண்டு குகைக்கு நடுவில் ஏரி, நாற்பது வினாடிதான்’ என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ‘மலை ஒரு முறை கண் திறந்து மூடுவது போல’ என்று நான் சேர்த்தேன். வலது என்பதைத் தொடவில்லை. ஏரி இடப்பக்கம் இருக்கிறதாம்.

முதல் ரயிலிலேயே ஒரு பெட்டி முழுக்க ஆட்கள் வலப்பக்கம் திரும்பி, கேமராவைத் தூக்கிப் பிடித்து, நாற்பது வினாடியும் பாறைச் சுவரைப் படம் எடுத்திருக்கிறார்கள். பதினேழு புகார். ஏப்ரல் 15 அன்று மறு அச்சுக்குப் போகிறது. அதற்குள் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார் மேலாளர்.

எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் மருமகளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் குப்புறப் படுத்தால் திரும்பத் தெரியாமல் கத்துகிறாள். எனக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி

மார்ச் 8

தம்பி மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. அழகாக எழுதுகிறாய். அந்தப் பாறைச் சுவரைப் பற்றியும் அழகாக இரண்டு வரி எழுதிச் சேர்த்திருந்தால் புகாரே வந்திருக்காது.

நான் கொடுத்த குறிப்பின் முதல் பக்கம் எங்கே? தனித்தாள், பென்சிலில் எழுதியது. ‘நான் பயணிகளைப் பார்த்து நிற்கிறவள். எஞ்சின் என் முதுகுப் பக்கம். நான் இடது என்றால் அது என்னுடைய இடது. நீ மாற்றிப் போட்டுக்கொள்.’ இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது. நான் உன்னைப் போல காலேஜில் படித்தவள் இல்லை.

அன்று அந்தப் பெட்டியில் நான்தான் இருந்தேன் என்பதாவது உனக்குத் தெரியுமா? குகை முடிந்ததும் கையை நீட்டி, “இங்க பாருங்க, இங்க, இங்க!” என்று கத்தினேன். முன்வரிசைப் பெரியவர் புத்தகத்தைத் தட்டிக் காட்டி, “ஏம்மா, இதுல வலதுன்னு போட்டிருக்கே” என்றார். “ஏரி புத்தகம் படிக்காதுங்க” என்றேன். அதற்குத் தனியாக ஒரு புகார், மரியாதைக் குறைவு என்று. அச்சில் வந்ததை நம்புவார்களா, என் கையை நம்புவார்களா? பதினோரு வருடமாக நீட்டிய கை, இருபத்துநாலு பக்கத்திடம் தோற்றுப்போனது.

குறிப்பு என்னுடையது என்று மேலாளருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்திருப்பார். எல்லார் முன்னாலும், “பதினோரு வருஷமா நிக்கிறீங்க, இடது வலது தெரியாதா?” என்று கேட்டார். ஓட்டுநரெல்லாம் சிரித்தார்கள்.

அவருக்கு ஒரு வரி எழுது. ‘முதல் பக்கம் வந்தது, நான் கவனிக்கவில்லை’ என்று. அவ்வளவுதான். எழுத்து உன் தொழில். ஒரு வரி உனக்குப் பெரிய பாரமா?

மருமகளுக்கு முத்தம். உனக்கு இல்லை.

மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். தடுப்பூசி, காய்ச்சல், பிறகு எனக்குக் காய்ச்சல். அதெல்லாம் சாக்கு என்று நினைப்பீர்கள். பாதி சாக்குதான்.

வீடு முழுக்கத் தேடினேன். உங்கள் குறிப்புகள் நாற்பத்திரண்டு தாள், எல்லாம் பேனாவில். பென்சில் தாள் இல்லை. ஆனால் அது வரவில்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. குறிப்புகள் வந்த வாரம்தான் பிரசவ வலி எடுத்தது. அந்த வாரம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் ஒரு பழுப்பு உறை இருந்தது. அதைத் திறந்தேனா? ஒரு தாளின் மேல் தண்ணீர் தம்ளர் வைத்தேன். அது உங்கள் தாளா, மருந்துச் சீட்டா? நேற்று மதியம் யோசித்தபோது பென்சில் எழுத்து கண் முன்னால் தெரிந்தது. உடனே சந்தேகம்: நீங்கள் சொன்ன பிறகு தெரிகிறதா, பார்த்ததால் தெரிகிறதா? யாராவது அழுத்திக் கேட்டால், கொலை செய்தேன் என்றுகூட ஒப்புக்கொள்வேன் போலிருக்கிறது.

உங்கள் தம்பிக்கு விஷயம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க எதிரே உட்கார்ந்தவரின் கண்ணைத்தானே பார்க்கிறார். “எனக்கு எதிர்ல இருக்கிறவரோட இடது கண்ணு எனக்கு வலது கைப்பக்கம். முதல் மாசம் நானே ரெண்டு பேருக்கு மாத்தி எழுதிட்டேன்” என்றார். கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அவர் உட்கார்ந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணியாக நின்றேன். சமையலறைதான் ஏரி. மூன்றாவது குகையில் யார் இடது யாருடையது என்று சண்டை வந்து, நாற்காலியை மடக்கி வைத்துவிட்டோம்.

அப்படியே எல்லாவற்றையும் புரட்டிப் போடலாம் என்றால், இன்னொரு குழப்பம். அறுபதாவது கிலோமீட்டர் காற்றாலைகள் வலப்பக்கம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அது சரியாக இருக்கிறது என்று ஒரு பயணி பாராட்டியே எழுதியிருக்கிறார். அப்படியானால் சிலது உங்கள் பக்கம், சிலது அவர்கள் பக்கமா? எது எது?

அந்த ஒரு வரியைப் பற்றி. அண்ணி, நான் எழுதினால் இந்த வேலை போய்விடும். சம்பளத்துக்காகச் சொல்லவில்லை. காலையிலிருந்து இரவு வரை நான் செய்வதெல்லாம் அடுத்த நாளும் செய்ய வேண்டியவை. அந்தப் புத்தகம் ஒன்றுதான் செய்து முடித்தது. பார்த்தது நிச்சயம் என்றால் எழுதிவிடுவேன். நிச்சயமில்லாமல் எழுதுவது பொய் இல்லையா?

மார்ச் 26

தம்பி மனைவிக்கு,

எழுதாமல் இருப்பதற்கு இவ்வளவு நன்றாக எழுத முடியும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

காற்றாலை விஷயம் வாஸ்தவம். ஐம்பத்தைந்திலிருந்து எண்பது வரை வளைவு அதிகம். வண்டி ஆட்டும். அங்கே முன்னால் மடக்கு இருக்கையில் உட்கார்ந்துவிடுவேன். அந்த இருக்கை எஞ்சினைப் பார்த்தது. குறிப்பு எழுதிய அன்று எந்த இடத்தில் உட்கார்ந்தேன், எங்கே எழுந்தேன்? முட்டி வலி அன்று எப்படி இருந்ததோ, அதைப் பொறுத்தது. எனக்கு ஞாபகமில்லை. மூட்டை அறையில் உட்கார்ந்து கண்ணை மூடி ஓட்டிப் பார்த்தேன். உப்பளம் வருகிறது, ஆறு வருகிறது, ஊசியிலை மரங்கள் வருகின்றன. பக்கம் மட்டும் வரவில்லை.

எனவே நீதான் வந்து பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காது அடைக்கும், குளிரும், வாந்தி எடுக்கும், எல்லாம் எனக்குத் தெரியும், எழுதாதே. அந்தப் பெட்டியில் எத்தனையோ பிள்ளைகள் வந்து போயிருக்கின்றன. பயந்ததெல்லாம் அம்மாக்கள்தான். குகைக்குள் போகும்போது பால் கொடு, காது அடைக்காது. பதினேழு குகை. பதினேழு முறையும் குடிக்க மாட்டாள், பாதி குகையில் தூங்கிவிடுவாள்.

பெட்டியில் நான் இருக்க மாட்டேன். என் இடத்தில் ஒரு புதுப் பெண் நிற்கிறாள். நல்ல பெண். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் நடந்தால் தரை ஆடுகிறது.

மலை ஸ்டேஷனில் நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, “உங்கம்மாவுக்கு எந்தக் கையால சாப்பிடறதுன்னாவது ஞாபகம் இருக்காடி?” என்று அவளிடம் கேட்டீர்கள். அவள் சிரித்தாள். துரோகி. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அண்ணி, அது இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிப் புத்தகம் போட்டவள்! உப்பளத்தை ‘வெண்மை’ என்று எழுதியிருந்தேன். அது வெண்மை இல்லை. காலை வெயிலில் இளஞ்சிவப்பு, நடுவில் வானத்தின் துண்டுகள். ஒரு ஆள் மட்டும் தள்ளுவண்டியோடு நின்று ரயிலைப் பார்க்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றாலைகளை ‘வரிசையாக’ என்று எழுதியிருந்தேன். வரிசையெல்லாம் கிடையாது, ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொண்டு, வீட்டு விசேஷத்தில் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் மாதிரி நிற்கின்றன. தொண்ணூறு தாண்டியதும் காற்றின் வாசனையே மாறிவிட்டது. ஒரே நாளில் நாலு நாட்டைக் கடந்தது போல இருந்தது. எல்லாம் நாம் வரி கட்டுகிற இதே நாடுதான்.

திருத்தும் வேலையோ சந்தி சிரித்தது. குழந்தை என் இடது கையில் தூங்கிவிட்டாள். எழுப்பாமல் வலப்பக்கம் திரும்ப முடியவில்லை. அறுபது கிலோமீட்டருக்கு ஒரு பக்கத்து நாட்டை மட்டும்தான் பார்த்தேன். மறுபக்கத்து ஆட்கள் “ஆகா” என்றால், அங்கே ஏதோ இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

அந்தப் புதுப் பெண்ணைக் கவனித்தேன். வாயால் இடது, வலது என்று அவள் சொல்லவே இல்லை. “இதோ, இங்க” என்று கையை நீட்டுகிறாள். “யார் சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டேன். “அக்காதான். இடது வலதுன்னு சொன்னா ஜனங்க முதல்ல தங்களோட கையைப் பார்ப்பாங்க, அப்புறம்தான் சன்னலைப் பார்ப்பாங்க, அதுக்குள்ள போயிடும்னு சொல்வாங்க” என்றாள். பதினோரு வருடத்தில் நீங்கள் அந்த இரண்டு சொல்லையும் உபயோகித்ததே இல்லை. நாங்கள்தான் உங்களை எழுத வைத்தோம்.

ஏரி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நூற்றுப் பத்தாவது கிலோமீட்டரில் குழந்தை வீறிட்டாள். நடைபாதையில் எழுந்து நின்று, தோளில் போட்டு, பின்வரிசைக்காரர்களைப் பார்த்தபடி ஆட்டிக்கொண்டிருந்தேன். குகை முடிந்தது. திருத்திய பட்டியலில் நானே எழுதியிருந்தேன்: ஏரி, இடது. இடப்பக்கம் திரும்பினேன். பாறை! நாற்பது வினாடியில் பாதி அந்தப் பாறையைத்தான் முறைத்தேன். “ஏரி எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். பக்கத்து இருக்கைக்காரர், “உங்க பாப்பா பார்க்குதே, அந்தப் பக்கம்” என்றார். திரும்பினேன். பச்சையா, நீலமா, தெரியவில்லை. அதற்குள் இருட்டு.

அண்ணி, நான் எஞ்சினுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன். உங்களைப் போலவே.

ஒன்று மட்டும் தோன்றியது. ஆறு கூடவே வருகிறது. இடது வலது எதற்கு? ‘ஆற்றுப் பக்கம்’, ‘மலைப் பக்கம்’ என்று போட்டால் போதாதா? தொண்ணூற்றாறாவது கிலோமீட்டர் பாலத்தில் மட்டும் ஆறு இடுப்பு மாற்றிக்கொள்கிறது, பிள்ளையைத் தூக்கியவள் மாற்றிக்கொள்வது போல. ஏரி ஆற்றுப் பக்கம். நின்றாலும் உட்கார்ந்தாலும், திரும்பி வந்தாலும், ஆற்றுப் பக்கம்தான். அப்படி எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் மேலாளருக்கு எழுத வேண்டிய அந்த ஒரு வரியை இன்னும் எழுதவில்லை.

ஏப்ரல் 9

அம்மாடி,

ஆற்றுப் பக்கம், மலைப் பக்கம். இது எனக்குத் தோன்றவில்லையே என்று ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். சரியாக இருக்கிறது. குகைகளுக்கு நடுவில் ஆறு தெரியாத இடம் இரண்டு உண்டு. அங்கே ‘வெயில் பக்கம்’ என்று போடாதே, மேகம் வந்தால் மறுபடி பதினேழு புகார் வரும்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன்.

அந்த முதல் பக்கம். எழுதினேன் என்று உனக்கு அடித்துச் சொன்னேன். எழுத வேண்டும் என்று நினைத்தது நிச்சயம். பென்சிலைத் தேடியது நிச்சயம். அந்த நேரத்தில் வண்டி வந்துவிட்டது என்று ஒரு ஞாபகம் இப்போது வருகிறது. வந்த வண்டி அன்றைக்கு வந்ததா, வேறு நாளா? மனதிலேயே எழுதிப் பார்த்துவிட்டு, எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ. சந்தேகமாக இருக்கிறது, அம்மாடி. கோபத்தில் சந்தேகம் தெரியவில்லை.

நீ மேலாளருக்கு ஒன்றும் எழுத வேண்டாம். நான் எழுதுகிறேன், குறிப்பில் தவறு என்னுடையதுதான் என்று. மூட்டை அறை பழகிவிட்டது. ஒவ்வொரு பெட்டியையும் தூக்கும்போது, இவர்கள் என்ன பார்த்துவிட்டு வந்தார்களோ என்று யோசிப்பேன். பொழுது போகிறது. நீ சின்னவள். கையில் பிள்ளை. உனக்கு அந்த வேலை வேண்டும்.

சனிக்கிழமை கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

ஏப்ரல் 11

அண்ணி,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மேலாளரிடம் ஒன்றும் கொடுக்காதீர்கள். இன்று காலை நானே நேரில் போய் என்னுடையதைக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் வந்தது நிம்மதிதான். மறைக்கவில்லை. ‘அண்ணியே சொல்லிவிட்டார், அந்த முதல் பக்கமே இல்லை, தப்பித்தேன்’ என்று. குழந்தையைத் தூக்கிச் சுற்றினேன். அவள் என் முகத்தைப் பார்த்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தாள். சுற்றுவதை நிறுத்திவிட்டேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்தேனா இல்லையா, எனக்குத் தெரியாது. சாகும் வரை தெரியப்போவதில்லை. உங்களுக்கும் தெரியாது. ஆனால் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் அதைச் சுற்றிக்கொண்டே வந்தேன்.

மேலாளர் உங்கள் கையெழுத்தைப் பார்க்கவில்லை, அண்ணி. குறிப்புகள் முழுதும் என்னிடம்தான் இருக்கின்றன. புகார் வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, “என்னம்மா, ஏரி மாறிப்போச்சே?” என்று மட்டும்தான் கேட்டார். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்கவே இல்லை. பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தாள். “அது என் நாத்தனார் குடுத்த குறிப்பு சார், கண்ணாடிப் பெட்டியில இருக்காங்களே, அவங்க” என்று சொன்னேன். கேட்காமலே. மூச்சு விடுவது போல. இதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. எந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் என்றுகூட ஞாபகம் இருக்கிறது.

மேலாளரிடம் கொடுத்த கடிதத்தில் இதைத்தான் எழுதினேன். நிற்பவரின் இடது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நான், கேட்கவில்லை, பழியை மட்டும் நகர்த்தினேன் என்று. அவர் இரண்டு முறை படித்தார். “அப்ப இந்தப் புத்தகத்தை வேற ஆள்கிட்ட குடுத்துடலாமா?” என்றார். “குடுத்துடுங்க சார்” என்றேன். ஆற்றுப் பக்கம், மலைப் பக்கம் என்று எழுதியிருந்ததை மேசையில் வைத்தேன். வாங்கிக்கொண்டார்.

“நாத்தனார்னா ஆகாதும்பாங்க. நீங்க அவங்களுக்காக வந்து நிக்கிறீங்களே” என்றார். “அவங்களுக்காக நிக்கலை சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 19

இது உன் கடிதத்தின் பின்பக்கம். வேறு தாள் இல்லாமல் இல்லை.

செவ்வாய்க்கிழமை என்னைத் திரும்ப ரயிலில் ஏற்றிவிட்டார்கள். புதுப் பெண் பக்கத்துப் பெட்டிக்குப் போயிருக்கிறாள். ஏரி வந்தபோது கையை நீட்டினேன். நாற்பத்தெட்டுத் தலைகளும் திரும்பின. புதுப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. உள்ளே ஒரு சொல்லையும் மாற்றாமல், முதல் பக்கத்தில் வேறு யார் பெயரோ போட்டிருக்கிறார்கள். “இந்த ஆத்துப் பக்கம்கிறது நல்லா இருக்கே” என்று ஒரு அம்மா சொன்னார். “என் தம்பி பொண்டாட்டி எழுதினது” என்றேன். தினமும் மைக்கில் சொல்லப்போகிறேன். யார் புகார் கொடுப்பார்கள் என்று பார்க்கலாம்.

இப்போது மற்றது. கேட்காமலே சொன்னாயா? அவர் கேட்கவே இல்லையா? இதைப் படித்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன்னிடம் பழையபடி பழக வேண்டும் என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதையும் மறைக்கவில்லை.

ஆனால் இந்தத் தாள் என் வீட்டில் இருந்தால், முட்டி வலிக்கிற ஒவ்வொரு நாளும் எடுத்துப் படிப்பேன். படித்துப் படித்து உன்னை வேறு ஆளாக ஆக்கிவிடுவேன். அதனால் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். நீ என்ன செய்வாயோ செய். என்னிடம் இது இல்லை.